ஒன்பதாவது மான்

மா ஆலையில் பகல் வேலை முடிந்து
நேரே கூரைக்கு ஏறினேன்.
கண்ணாடிக் கண்ணைத் திறந்துகொண்டு
ஒரு கிழமையாய் மல்லாந்து கிடக்கிறது சில்லு.
அழிக்கிற விளக்குக்குக் காசில்லை,
திருகோணமலை வெயில் சும்மாதானே கிடக்கு.
எங்கள் பிழை முழுவதையும் தின்றுவிட்டது.

கேம் இதுதான்:
மான்கள் டைக் வீதியைக் கடக்க வேண்டும்.
பஸ் இடித்தால் ஓர் உயிர்,
பொலித்தீன் தின்றாலும் ஓர் உயிர்.

என்னைவிட மூத்த பெட்டி.
ஒரு கோட்டில் எட்டு உருவம்தான் வரையும்.
ஒன்பதாவது மான் வந்தால்
தலையுமில்லை வாலுமில்லை.
"எட்டோட நிப்பாட்டு" என்றான் றிகாஸ்.
எப்படி?
நேற்று ஆஸ்பத்திரி மதிலோரம் எண்ணினேன், பதினொன்று.
ஒன்று என் சோற்றுப் பார்சலை முகர்ந்துவிட்டுப் போனது.

அதனால் முறை வைத்தேன்:
கண் பிடிக்காத வேகத்தில்
மூன்று மூன்றாய் மாறி மாறி மறையட்டும்.
எல்லாம் கொஞ்சம் மினுங்கும்,
ஒன்றும் தொலையாது.

புதிதாய் எழுதிய சில்லுக்கு ஸ்டிக்கர் ஒட்டினோம்.
உப்புக்காற்றுப் பச்சை பிடித்த பல்லை
அழிறப்பரால் தேய்த்தான் றிகாஸ்.
ஊத வாயெடுத்த என்னை முறைத்தான்.
செருகினோம்.
டீவி நரைத்தது, கறுத்தது,
பிறகு என்ர அம்மாளாச்சி,
பதினொன்றும் படபடத்தபடி
வீதியில் இறங்கின.

கிண்ணியாவுக்குக் கடைசி பஸ் போய்விட்டது என்றேன்.
அவனுக்குக் கேட்கவில்லை.
மூன்றாம் கட்டத்தில்
பொலித்தீன் தின்று
செத்துக்கொண்டிருந்தான்.