ஏழாவது விடயம்

கூட்டறிக்கை எழுதுவது என் வேலை.
யார் பேசினாலும் நான்
"சபையில் தெரிவிக்கப்பட்டது" என்றே எழுதுவேன்.
கத்தினாலும் அதுதான். அழுதாலும் அதுதான்.

பிரதேச சபை மேல்மாடி, வியாழன் இரண்டரை மணி.
ஜன்னலுக்கு வெளியே மஸ்கெலியா பனிக்குள் கிடந்தது.
நீர்த்தேக்கம் எந்தப் பக்கம் என்பது
ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரிந்தது.
ஏழாவது விடயம்:
குருவிக்காட்டு மேற்பிரிவு, பதினாலாம் நம்பர் மலை,
இரண்டு ஏக்கர், நாற்பது அறை, உல்லாச விடுதி.

வரைபடம் சுருண்டு சுருண்டு எழுந்தது.
மூலைக்கு ஒன்றாக
பிளேன்டீக் கோப்பைகளை வைத்து அமர்த்தினார்கள்.
லயம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கோப்பை.
யாரும் வேண்டுமென்று வைக்கவில்லை.
தூக்கிப் பார்த்தேன். அடியிலும் லயம் இல்லை.
வரைந்தவர் அங்கே
"தேயிலை" என்று எழுதியிருந்தார்.

ஆட்சேபனைக்கு இருபத்தொரு நாள்.
கதவில் ஒட்டிய அறிவித்தலில்
மூன்று மொழியும் மழையில் கரைந்து
ஒரே மொழியான பிறகும்
முப்பத்தாறு படிவங்கள் வந்திருந்தன.
நான்காம் கூடு: அயற்காணியின் உறுதி இலக்கம்.
ஒருவர்கூட அதை வெறுமையாக விடவில்லை.
சிலர் அடையாள அட்டை இலக்கம்.
சிலர் காம்பரா இலக்கம்.
ஒருவர் செக்ரோல் இலக்கம்.
யோகம்மா
போன மண்சரிவின் திகதியை எழுதியிருந்தாள்.

"உறுதி இல்லாதவர் அயலவர் ஆகமாட்டார்"
என்றார் சட்ட உத்தியோகத்தர்.
அவரை நான் குறை சொல்லமாட்டேன்.
இருந்ததை வாசித்தார்,
குரலைத் தாழ்த்தித்தான் வாசித்தார்.
தவிசாளர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு,
"வந்தவர்கள் பேசட்டும், ஆளுக்கு மூன்று நிமிடம்" என்றார்.

யோகம்மா எழுந்தாள்.
அரைப்பேர் போனாலும் போகட்டும் என்று வந்தவள்,
நகக்கண்ணில் இன்னும் கொழுந்துக் கறை.
முதல் நிமிடத்தை மைக் தின்றது.
"அந்த மலைக்குள்ள ஊத்து இருக்குங்க.
வெயில்லயும் கசியும்.
தொரமாரே அங்க ரோடு வெட்டல.
எங்க பீலித் தண்ணியும் அதுலதான் வருது.
கட்டுங்க, வேணாங்கல.
அந்தத் தண்ணி எங்க போகும்?
அத மட்டும் சொல்லிட்டுக் கட்டுங்க."

அதே லயம், பதினோராம் காம்பரா, கஜேந்திரன்.
கொழும்பில் கடைக்கு நின்று திரும்பி வந்தவன்.
"அக்கா சொல்றது சரி" என்றான்,
"எனக்கு வேலையும் வேணும்."
அப்படியே உட்கார்ந்துவிட்டான்.
இரண்டரை நிமிடம் மிச்சம்.
அந்த மிச்சத்தை எந்த நிரலில் போடுவது?

பொறியியலாளர் ஜயலத் சிங்களத்தில் விளக்கினார்.
நான் தமிழாக்கினேன்:
"வடிகாலமைப்பு போதுமானது."
அந்தக் கடைசிச் சொல்லில்
என் நாக்கு ஒருமுறை வழுக்கியது.

செவ்வாய்க்கிழமை களப் பார்வை.
பதினாலாம் மலையில், மழையில்லாத நாளில்,
தவிசாளரின் வலது சப்பாத்து
கணுக்கால்வரை இறங்கியது.
சப்பாத்து வர மறுத்தது, கால் மட்டும் வந்தது.
கீழே கொழுந்தெடுத்தவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு
முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்,
தோள்கள் மட்டும் குலுங்கின.
"ஈரத்தன்மை அவதானிக்கப்பட்டது"
என்று எழுதினேன்.

தீர்மானம்: மண் பரிசோதனை அறிக்கை வரும்வரை
ஒத்திவைக்கப்படுகிறது.
படியிறங்கும்போது யோகம்மா கேட்டாள்:
"ஒத்திவச்சா, செயிச்சோமா தம்பி?"
என்னிடம் சபை வார்த்தைகள்தான் இருந்தன.
பஸ் போய்விடும் என்று சொன்னேன்.

அன்று மாலை படிவத்தைப் புதிதாகத் தட்டச்சினேன்.
நான்காம் கூடு:
அயற்காணியின் உறுதி இலக்கம், இருந்தால்.
ஒரு சொல்தான்.
யாரும் அனுமதி தரவில்லை, நானும் கேட்கவில்லை.
எழுத்துப்பிழை திருத்தம் என்று கோப்பில் குறித்துவிட்டு
இருநூறு பிரதி எடுத்தேன்.
நூற்றுப் பத்தில்
மை தீர்ந்தது.