கேட்டுப் பறித்தது

சந்தையில் பன்னிரண்டு வருஷமாக
ஈரச் சீமெந்தில் நின்று மீன் வெட்டுகிறேன்.
சூரைத் தலை, பாரைச் செதில், திருக்கை வால்
எல்லாம் என் கத்திக்குப் பணியும்.
வலது முழங்கால் மட்டும் பணியாது.
பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து
தேய்மானம் என்றார்கள்,
கணக்கெழுதுகிறவர் பழைய தராசுக்குப் போடும் அதே சொல்.

கருவாட்டுக்காரி மரியநாயகி சொன்னாள்:
"முடக்கொத்தான் தின்னடி.
ஆர் சொன்ன கதையெண்டு கேளாதை.
தாய்க்குக் கடன் கழிக்க
கன்னியாவில ஏழு கிணறு திறந்த இராவணன்
ஏழுக்கும் குந்தி எழும்பினவன்.
தலை பத்து, தோள் இருபது,
அவ்வளவையும் சுமக்க
முழங்கால் இரண்டே இரண்டு.
ஏழாவதில எழும்ப ஏலாமல் கிடந்து
கைக்கெட்டின கொடியை மென்றானாம்."

அவளுக்குத் தெரிந்தது அதோடு முடியாது.
அரைத்துத் தலையில் பூசினால் பேன் சாகும்.
பிள்ளை இறங்கச் சுணங்கினால்
அடிவயிற்றில் பற்றுப் போடலாம்.
படர்ந்த கொடியைக் கடந்து நடக்கக் கூடாது.
பறிக்க முன்னம் கொடியிடம் கேட்க வேணும்,
கேளாமல் பறித்தால் அது வெறும் கீரை.

எங்கள் பக்கம் அது படர்ந்திருந்தது
உப்புவெளி தாண்டி, நேவிக்காரரின் வேலியில்.
முள்ளுக்கம்பியின் கறள் தெரியாமல்
பச்சைப் பலூன்களாய்க் காய்கள்,
ஆரோ பிறந்தநாளுக்குச் சோடித்ததுபோல.
மூன்று மொழியிலும் பலகை: உட்செல்லத் தடை.
இலை பறிக்கத் தடையென்று
ஒரு மொழியிலும் இல்லை.

விடிய முன்னம் போய்க் கொடியிடம் கேட்டேன்.
காவலில் நின்ற பெடியனிடமும் கேட்டேன்,
மீன் விலை சொல்ல மட்டும் பழகிய சிங்களத்தில்.
கொடி ஒன்றும் சொல்லவில்லை.
அவனும் ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டையும் சம்மதமென்று எடுத்துக்கொண்டேன்.

ரசம் வைத்தேன். தோசைமாவோடு அரைத்தேன்.
நல்லெண்ணெயில் காய்ச்சி இரவில் தேய்த்தேன்.
இருபதாம் நாளோ என்னவோ
கக்கூசில் சுவரைப் பிடிக்காமல் எழும்பினேன்.
இலையோ, இலைக்காக நாள்தோறும் நடந்த இரண்டு கட்டையோ,
இராவணனோ,
ஆருக்குத் தெரியும்.

பிறகொரு திங்கள்
வேலி மொட்டையாய் நின்றது.
பெரியவர் ஆரோ பார்க்க வருகிறாராம்.
வெட்டிப்போட்ட கொடி வெயிலில் சுருண்டு
காய்கள் வெடித்துக் கிடந்தன.
அதே பெடியன், அதே இடத்தில்,
ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி மாறி நின்றான்.
அந்த மாறுகை எனக்குத் தெரியும்.
வெட்டச் சொல்லும்போது
அவனிடம் ஆரும் கேட்டிருக்க மாட்டார்கள்.
கொடியிடமும்தான்.

குனிந்தேன். முழங்கால் சத்தம் போட்டது, ஆனால் விட்டது.
மணலில் பொறுக்கியது மூன்று விதை.
கறுப்பு. ஒவ்வொன்றிலும் வெள்ளையாய் ஒரு நெஞ்சு;
குரங்கு முகம் என்பாள் மரியநாயகி,
அவளுக்கு எதிலும் ஒரு முகம் தெரியும்.

காசுப்பையில் போட்டேன்.
மத்தியானம் பாரைத் துண்டுக்கு மிச்சம் கொடுக்கையில்
ஒன்று சில்லறையோடு போய்விட்டது.
வாங்கியவர் கிண்ணியாவோ மூதூரோ, முகம் ஞாபகமில்லை.
மிளகென்று நினைத்துக்
கறியில் போடாதிருந்தால் சரி.