வகை: ஓ

பயிற்சிப் பதிவேட்டில் மூன்று கட்டங்கள்:
பார்த்தேன். உதவினேன். தனியாகச் செய்தேன்.
ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு கையெழுத்துக்கு இடம்.

பன்னிரண்டு படுக்கை, ஒரு எக்ஸ்ரே இயந்திரம்,
கோபன்ஹேகனிலிருந்து கப்பலில் வந்து
பாதி இலை உதிர்ந்துபோன ஒரு ரப்பர் செடி.
சாலை என்று ஒன்று உண்டு. துறைமுகத்தில் தொடங்கிக்
குப்பை எரிக்கும் இடத்தில் முடிந்துவிடும்.

வந்த அன்றே போலெட்டா என் விரலைக் குத்தினாள்.
ஏதோ சம்பிரதாயம் என்று நினைத்தேன்.
சமையலறைச் சுவரில் ஒரு பட்டியல்:
பள்ளி ஆசிரியர், பாதிரியார், இறால் ஆலையில் ஏழு பேர்,
கடைசியில் பென்சிலால் நான்.
பெயரைத் தப்பாக எழுதியிருந்தாள். வகையைச் சரியாக.

முதல் வாரம் முழுக்க
"வலிக்கிறதா?" என்று கேட்டுவிட்டுப்
பதிலுக்குக் காத்திருந்தேன்.
அவர்களோ பதில் சொல்லி முடித்துவிட்டு
என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
புருவம் உயர்ந்தால் ஆம்.
மூக்கு சுருங்கினால் இல்லை.
ஆறாம் நாள்தான் யாரோ சொன்னார்கள்.
அதற்குள் எத்தனை வலியைத் தவறவிட்டேனோ.

நவம்பரில் ஒரு செவ்வாய்.
பனிங்குவாக் பெற்றெடுத்தாள், ஏறக்குறையப் பேசிக்கொண்டே.
(பெயரில் பனி இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.
இல்லை. அவர்கள் மொழியில் அது சின்ன மகள்.)
பிறகு நஞ்சுக்கொடி வந்தது.
பிறகு ரத்தம் வந்தது,
வந்துகொண்டே இருந்தது.

ஹெலிகாப்டர் நிலையத்தில் காற்றின் வேகத்தைப் படித்துக் காட்டினார்கள்.
நாளை, ஒருவேளை, என்றார்கள்.
குளிர்பெட்டியில் இரண்டு பை. இரண்டும் தீர்ந்தன.
டாக்டர் சிக்னேவுக்கு முப்பத்தொரு வயது.
ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே,
என்னைப் பார்க்காமல் சொன்னாள்:
"நானும் இதைப் படித்திருக்கிறேன், அவ்வளவுதான்.
பட்டியலைக் கூப்பிடச் சொல்."

வந்தார்கள்.
பைஜாமாவின்மேல் சீல்தோல் பூட்ஸ் மாட்டிக்கொண்டு,
தலையில் பனியோடு, கையில் மீன்வாடையோடு
நடைவழிச் சுவரோரம் வரிசையாக நின்றார்கள்.
யாரும் யாருக்கு என்று கேட்கவில்லை.
ஊரே முந்நூற்றுச் சொச்சம் பேர்,
கேட்க என்ன இருக்கிறது.

எனோக்கின் வாயை முகர்ந்துவிட்டு
போலெட்டா மூக்கைச் சுருக்கினாள்.
அவன் புருவத்தை உயர்த்தினான். சரி.
ஆனால் வீட்டுக்குப் போகவில்லை.
வாசல் கதவின் தாழ்ப்பாளைக் காற்று பிய்த்திருந்தது.
அதில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தான்,
யாராவது வந்தால் எழுந்து,
வந்தவர் நுழைந்ததும் மறுபடி உட்கார்ந்து,
விடியும் நேரம்வரை.
அந்த மாதத்தில் விடிவது இல்லை,
கடிகாரத்தைச் சொல்கிறேன்.

நான்காவதாக என்னை உட்காரவைத்தார்கள்.
பை நிறைவதைப் பார்க்கக் கூடாது என்று பார்த்தேன்.
என் ரத்தம் சூடு ஆறாமல்
பத்தடி நடந்து அடுத்த அறைக்குப் போனது.
ஒரு பிஸ்கட் தின்றுவிட்டு நானும் போனேன்.
சிக்னே என் முஷ்டியை அவள் வயிற்றில் வைத்து
அழுத்து என்றாள். அழுத்தினேன்.
எத்தனை நேரம் என்று தெரியாது.
நாலு மணி சுமாருக்கு அடியில் ஏதோ திரண்டு
முற்றிய தேங்காய்போல் இறுகியது.
சிக்னே தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.
அதுவரை அழாமலிருந்த குழந்தை
அப்போதுதான் பசிக்கு அழுதது.

முழங்கை மடிப்பில் ஒரு கன்றல்,
நீலமாகி, பச்சையாகி,
வாழைத்தோல் மஞ்சளாகி.
அது மறைவதற்கு முன்பு ஒருநாள் கடையில்
பனிங்குவாக் எனக்கு முன்னால் நின்றாள்,
வெங்காயத்தை எடைபோட்டு,
இரண்டைத் திருப்பி வைத்து.
அவளிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.
சொல்லியிருக்கலாம்.
குழந்தையின் தொப்பியைச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

ஹெலிகாப்டர் நான்காம் நாள் வந்தது.
ரத்தம் ஆறு பை, தபால் மூட்டை,
யாரோ வரவழைத்த ஒரு சலவை இயந்திரக் குழாய்.

கிளம்பும் நாளில் சிக்னே பதிவேட்டை நிரப்பினாள்.
இயல்பான பிரசவம்: பார்த்தேன்.
பேறுகாலப் பின்பெருக்கு: உதவினேன்.
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
எழுதுவதற்கு நாலாவது கட்டம் இல்லை.
கீழே, பொதுக் குறிப்புகள் என்ற இடத்தில்,
நேரத்துக்கு வருகிறார்,
என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.