அணைக்காதீங்க, ஒரு நிமிஷம்

ஷோரூமில் வண்டிக்கு மாலை போட்டார்கள்.
நாலு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம்.
மூன்றுதான் நசுங்கியது.
நாலாவது நழுவி உருண்டு
ஐந்து ரோட்டுச் சாக்கடைக்குள் விழுந்தது.
மனோன்மணி பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

ஜவ்வரிசி புரோக்கருக்கு எதுக்கு மாப்ள
மலையேறுற வண்டி என்றார் மச்சான்.
லீ பஜாருக்கும் செவ்வாப்பேட்டைக்கும் நடுவுல
எந்த மலை இருக்கு?
நாற்பத்தேழு வயதில் ஒருத்தனுக்கு
ஏறுவதற்கென்று ஏதாவது வேண்டியிருக்கிறது
என்று சொல்ல வெட்கமாக இருந்தது.
மைலேஜ் சொன்னேன். அதுவும் கூட்டித்தான்.

முதல் ஆயிரம் கிலோமீட்டர்
அழுத்தி மிதிக்கக் கூடாது,
ஒரே வேகத்தில் போகவும் கூடாது.
காய்ச்சல் விட்ட மறுநாள்
பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிற மாதிரி
ஓமலூர் வரை போய்
தாரமங்கலம் சுற்றித் திரும்பினேன்,
அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லாமல்.

கூட வந்த புத்தகத்தை நான் திறக்கவில்லை.
அவள் படித்தாள்.
ஏழாம் வகுப்புக் கணக்கு நோட்டு திருத்துகிற
அதே பென்சிலோடு,
இருநூற்றெண்பது பக்கம்.

"டர்போ நிமிஷத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல சுத்துதாம்.
ஏறி வந்ததும் பட்டுனு அணைச்சா
எண்ணெய் நின்னுடும், அது நிக்காது.
உள்ளுக்குள்ளயே சுத்திக் கருகுமாம்."
வண்டியைப் பற்றித்தான் சொன்னாள்.
என்னைப் பார்த்துச் சொன்னாள்.

அன்றிலிருந்து சட்டம்.
கண்ணங்குறிச்சி வீட்டு வாசலில் நின்றாலும்
"அணைக்காதீங்க, ஒரு நிமிஷம்."
பக்கத்து வீட்டு நாய்
அதற்குள் இரண்டு முறை குரைத்து அலுத்துவிடும்.

வெள்ளைக்கல் சுரங்கத்தைச் சுற்றி ஒரு வாரம் அலைந்ததில்
காற்று வடிகட்டி மாவு சலித்த சல்லடையாகிவிட்டது.
மாத்திடலாம் சார் என்று
சர்வீஸ் அட்வைசர் பிரசன்னவேல் விலை சொன்னான்.
அல்தாப் ஊதிக் கொடுத்தான், டீக்காசுக்கு.
"இன்னும் மூச்சு இருக்குங்க" என்றான்.

ஐப்பசியில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது.
ஊருக்குள்ளேயே உருட்டினால் கரி சேருமாம்.
தூரம் போய்ச் சூடேற்றினால்
தானே எரிந்து தீருமாம்.
பக்கம் நூற்று எழுபத்தொன்று.
"வாங்க, ஏற்காடு போயிட்டு வரலாம்" என்றாள்.
கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில்
அவளாக எங்கேயும் கூப்பிட்டதில்லை.

இருபது கொண்டை ஊசிக்கும்
பலகையில் நம்பர் இருக்கிறது.
அவள் பலகைக்கு முன்னால் சொல்லிக்கொண்டே வந்தாள்.
பன்னிரண்டில் பஸ் இறங்க, நான் ஒதுங்க,
பதின்மூன்றைச் சொல்ல மறந்துவிட்டாள்.

காக்கம்பாடிக்கு அப்பால் தார் முடிந்தது.
செம்மண், நேற்றைய மழை.
லோ கியர் போட்டேன்.
காசு கொடுத்த ஒவ்வொரு ரூபாயும்
சக்கரத்தில் முனகுவது கேட்டது.
வாழைத்தார் ஏற்றிய பழைய எஸ்டேட் ஜீப்பில்
ஒரு பையன் ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டு
எங்களைத் தாண்டிப் போனான்.
அதில் டர்போ இல்லை.
கதவும் இல்லை.

மேட்டில் நிறுத்தினேன். எதிரே ஒன்றுமில்லை, பனிமூட்டம்.
கை பொத்தானுக்குப் போனது.
"ஒரு நிமிஷம்."

"கடன் அஞ்சு வருஷம்னு சொன்னேன்ல."
"ம்."
"ஏழு."

வைப்பர் ஒரு தடவை போய் வந்தது.
மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரம் ஒன்று
மூட்டத்திலிருந்து வெளியே வந்து
மறுபடி உள்ளே போனது.

"தெரியும்.
அந்தப் பேப்பரை
புத்தகத்துக்குள்ளதான வச்சிருந்தீங்க."
கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.
"இப்ப அணைங்க."

அணைத்தேன்.
பானட்டுக்கு அடியில் இரும்பு
டிக், டிக் என்று தணிந்துகொண்டிருந்தது.
மஞ்சள் விளக்கு போயிற்றா என்று
இரண்டு பேருமே பார்க்கவில்லை.

பையிலிருந்து கொய்யா எடுத்து
உடைத்துப் பாதி கொடுத்தாள்.
உப்பு மிளகாயெல்லாம்
அவள் பாதியில் இருந்தது.