பாதி வழியில் ஒரு புகைபோக்கி

சிலி நாட்டின் தெற்கே, மழை விடாத சிலோயே தீவில்
படகுத்துறையில் சீட்டு விற்கிறாள் எதெல்வினா பார்ரியா.
செவ்வாய்தோறும் ஒரு தாள் எழுதி
சீட்டு ஜன்னலின் கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டுவாள்.
படகுக்குக் காத்திருப்பவர்கள்தான் வாசகர்கள்.
அவர்களிடம் இருப்பது இருபது நிமிடம்,
ஈரக் காலுறை,
அதைவிடச் சொற்பமாகப் பொறுமை.

இந்த வாரம் கார்க்கமோ வீட்டாரின் கதை.
கடலோரத்திலிருந்து மேட்டுக்கு
வீட்டையே இழுத்தார்கள்,
அடியில் மரத்தடிகள் கொடுத்து, காளைகள் பூட்டி,
ஊரே கயிறு பிடித்து.

முதல் வரி எழுதினாள்:
"எங்கள் தீவு மிக அழகானது."
நனைந்துகொண்டு நிற்பவனிடம் போய் இதைச் சொல்வதா?
அடித்தாள்.
"ஒற்றுமையே வலிமை என்று பெரியோர்..."
அதையும்.
அடுப்பில் ஒரு விறகு சரிந்தது. பிறகு வந்தது:
"கயிறு அறுந்தபோது மணி மூன்று நாற்பது."
அதற்கப்புறம் பேனா நிற்கவில்லை.

முழங்கால் அளவு சேறு என்றெழுதி,
யார் முழங்கால் என்று தன்னையே கேட்டு,
நொல்பெர்த்தோவின் முழங்கால் என்று திருத்தினாள்.
அவன் ஆறடிக்கு மேல். ஊருக்குத் தெரியும்.

பன்னிரண்டு காளைகள் என்றிருந்தது.
தொலைபேசியில் மான்சீயா கத்தினார்: பத்து!
என்னுடைய இரண்டும் கொட்டிலில் நொண்டிக்கொண்டு கிடக்கின்றன.
காதுக்குப் பன்னிரண்டுதான் நன்றாக இருந்தது.
பத்து என்று போட்டாள்.

அறுந்த கயிறு யாருடையது என்பதில்
தச்சனுக்கும் மச்சினனுக்கும் மூண்ட சண்டை
அரைப் பக்கம் ஓடியது, வசவுகளோடு.
எழுதும்போது தனியாகச் சிரித்தாள்.
படித்துப் பார்த்தபோது
வீடு எங்கேயோ காணாமல் போயிருந்தது.
அரைப் பக்கத்தையும் கிழித்து அடுப்பில் போட்டாள்,
கொஞ்சம் வருத்தத்தோடுதான்.
அந்த இடத்தில் ஒரு வரி வெறுமையாக விட்டாள்.

காளைகளும் அங்கேதான் மூச்சு வாங்கின.

ஒரே ஒரு படம் இருந்தது:
காளைகளின் முதுகு, பாதிக் கதவு,
லென்ஸில் ஒரு மழைத்துளி.
கீழே "கதவு" என்று எழுதுவானேன்,
கண் இருக்கிறதே எல்லோருக்கும்.
படத்தில் விழாததை எழுதினாள்:
"உள்ளே கொக்கிகளில் ஏழு குவளைகள். ஒன்றும் உடையவில்லை."

முடிவுக்கு ஒரு நீதி வந்து வாசலில் நின்றது,
குளித்து, தலை வாரி.
அதை உள்ளே விடவில்லை.
"இருட்டிவிட்டது. வீடு சேற்றிலேயே நின்றது.
யாரோ உள்ளே போய் அடுப்பு மூட்டினார்கள்."
முற்றுப்புள்ளி. தேதி. பெயரின் முதலெழுத்து.

தலைப்பு மட்டும் பாக்கி.
நம் மொழியில் சேலையின் கடைசி முழத்துக்கும் அதே பேர்தான்;
எதெல்வினாவுக்கு அது தெரிய நியாயமில்லை,
இருந்தும் கடைசியில்தான் நெய்தாள்.
"வீடு நகர்த்தும் விழா": சர்க்கார் அறிவிப்பு மாதிரி.
"நம்பவே மாட்டீர்கள்!": சந்தையில் மீன் விற்கிறவன் குரல்.
கடைசி வரியை மறுபடி பார்த்தாள்.
அந்த அடுப்பின் புகை எங்கே போயிருக்கும்?
அப்போது எழுதியதைத்தான்
நான் இந்தக் கவிதைக்குத் திருடியிருக்கிறேன்.

காலை ஏழு மணிப் படகு.
மீன் பண்ணைக்கு வேலைக்குப் போகும் ஒருத்தி,
மஞ்சள் மழைக்கோட்டு,
தலைப்பிலிருந்து தேதிவரை உதடசைத்துப் படித்தாள்.
கண்ணாடியைத் தட்டினாள்.
எதெல்வினா ஜன்னலைத் திறக்க
மழையும் சேர்ந்து உள்ளே வந்தது.

"அதெல்லாம் சரி. கயிறு யாருடையது?"

சீட்டைக் கிழித்து, சில்லறையோடு தள்ளினாள்.
"அடுத்த செவ்வாய்."