பிளக்கைப் பிடுங்கியவன்

அந்தக் கேசட்டில் இரண்டாம் பக்கம், நாலாவது பாட்டு,
ஒரு நிமிடம் நாற்பதாவது விநாடி:
யாரோ ஒரு ஆள் தமிழில் கத்துகிறான்
நிறுத்துங்கடா!
பிறகு ஒன்றுமில்லை.
அந்த ஆள் நான்தான்.

மெர்பேங்க், எண்பத்தொன்று, ஜூலைக் குளிர்.
எங்கள் வீட்டுக்கும் பத்தர் வீட்டுக்கும் நடுவே
ஒற்றைச் செங்கல் சுவர்.
அவர்கள் மிளகாய் தாளித்தால் நாங்கள் தும்முவோம்.
பத்தர் மகன் நீலன் கித்தார்.
ரோட்டுக்கு அந்தப் பக்கம், வென்ட்வொர்த்தில்,
சட்டம் குடிவைத்திருந்த யூஜின் பேஸ்.
டிரம்ஸ்காரன் பெயர் இன்றுவரை தெரியாது,
அடி தெரியும்.
பாடியவள் புவனேஸ்.
வாரமெல்லாம் தொழிற்சாலையில் சட்டைக் காலர் தைப்பவள்,
மணிக்கு இத்தனை டஜன்.
பாட்டும் அதே கணக்கில்தான் வரும்,
மெஷினை நிறுத்திய பிறகும் ஊசி ஓடுவதுபோல.

குழுவுக்கு வெட் மேட்சஸ் என்று பெயர்,
ஈரத் தீக்குச்சிகள்.
ரிஃபைனரி வேலியோரம் குடியிருந்துகொண்டு
வேறென்ன பெயர் வைப்பது?

அந்த வேலிக்கு உள்ளே எனக்கு நைட் ஷிப்ட்.
ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வந்து படுத்தேன்.
ஒன்பதுக்குச் சுவர் உதறியது.
பனியனோடு போனேன். கத்தினேன்.
ஒருத்தரும் திரும்பவில்லை.
பிளக்கைப் பிடுங்கினேன்.

முன்னூறு கேசட் போட்டார்களாம்.
பாதி வருஷக்கணக்காக நீலனின் கட்டிலடியில் கிடந்தது.
இப்போது அதைக் கேட்டு ஆட்கள் வருகிறார்கள்.
பீட்டர்மாரிட்ஸ்பர்க் பையன் ஒருவன்
ஆட்சியைப் பார்த்து எழுந்த குரல் என்று எழுதியிருந்தான்.
தூக்கத்துக்காக எழுந்த குரல் தம்பி, என்றேன்.
அதையும் எழுதிக்கொண்டான்.
ஒசாகாவிலிருந்து வந்த ஒருத்தி
பத்தர் வீட்டு சாக்கெட்டைத் தொட்டு அழுதாள்.
கரண்ட் இருக்கும்மா, பார்த்து, என்றேன்.

அப்படி என்னதான் இருக்கிறது என்று
ஒருமுறை முழுசாகக் கேட்டேன்.
சுருதி சேரவில்லை.
சேர வேண்டும் என்ற கவலையும் அதில் இல்லை.
வரலாமா என்று கேட்காமல்
உள்ளே வந்து உட்கார்ந்துவிட்ட சத்தம்.
இருபது வயதில் யாருக்கு அது வேண்டாம்?
எனக்கு அப்போது இருபத்தேழு,
வேண்டியது தூக்கம்.

என் கத்தலுக்கும் அந்த இருட்டுக்கும் இடையில்
சின்னதாக ஒரு சத்தம் உண்டு.
டிரம்ஸ் குச்சி விழுந்தது என்பார்கள்,
டேப் இழுத்தது என்பார்கள், சண்டையே போடுவார்கள்.
அது திருஷாவின் இருமல்.
நாலு வயது. என் பின்னாலேயே வந்து
காலைக் கட்டிக்கொண்டு நின்றாள்.
இன்று பெர்த்தில் இருக்கிறாள், நாற்பத்தெட்டு.
அங்கே போனபின் இருமுவதில்லை.
இருமல் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது,
முன்னூறு பிரதியில்.
இதை நான் யாருக்கும் சொல்லவில்லை.

போன சனிக்கிழமை
துறைமுகத்துப் பக்கம் ஒரு ஹாலில்
அந்த ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார்கள்.
பாடியவள் நொம்புசோ.
அங்கிள் கிஸ்டன், நீங்களே வந்து பிடுங்கணும் என்றார்கள்.
கார்டிகன் போட்டுக்கொண்டு போனேன்.
தமிழில் ஓர் எழுத்து தெரியாத நானூறு பேர்
நிறுத்துங்கடா என்கிறார்கள்,
எங்கள் வீட்டுப் பேரப்பிள்ளைகளுக்கு வராத ‘ங்க’
அவர்களுக்குச் சுத்தமாக வருகிறது.

ஒன்று நாற்பது.
ஒயர் கையில். சூடாக இருந்தது.

பிடுங்கவில்லை.

நொம்புசோ என்னைப் பார்த்தாள்.
இதற்கு மேல் யாரும் பழகியதில்லை,
பழக ஒன்றும் இல்லை.
மீதி வரிகள் புவனேஸுக்குத் தெரிந்திருக்கும்,
அவள் அதை அப்புறம் எங்கும் பாடவில்லை.
நிறுத்த வழி தெரியாத டிரம்ஸ் பையன்
அடித்துக்கொண்டே இருந்தான்.
இரண்டு நிமிடம். மூன்று.
அவள் வாயைத் திறந்தாள், வார்த்தை இல்லை,
வார்த்தை இல்லாமலே பாடினாள்.

யாரோ என் தோளைத் தட்டி, அங்கிள், ஒயர், என்றார்கள்.

இருக்கட்டும்.
நாளைக்கு எனக்கு ஷிப்ட் இல்லை.