பெரிய எழுத்து, சின்ன எழுத்து

டிவியைச் சுமந்து வந்த பையன்
ஒன்பது மாடியும் படியேறினான்.
கிள்தானிக் குடியிருப்பில் இருபது லிஃப்டுக்கு
நான்தான் மெக்கானிக்.
காசு போட்டால் ஏறுகிற லிஃப்ட்கள்.
எங்கள் கட்டடத்தில் இருப்பது மட்டும்
காசை விழுங்கிவிட்டு நிற்கும்.
அவன் கையில் பத்து லரியைத் திணித்துவிட்டு
மூச்சு வாங்கி முடிக்கும்வரை
சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினெட்டு மாதத் தவணை.
திரை விழித்ததும் மொழி எது என்றது.
பட்டியலில் ஜார்ஜிய மொழி இல்லை.
ருஷ்யனைத் தாண்டிப் போய்
பாதி புரிகிற ஆங்கிலத்தை அழுத்தினேன்.

அப்புறம் வலைகள் வந்தன,
அண்டை வீடுகள் வரிசையில் நிற்பதுபோல:
'ஷோத்தாவின் கோட்டை',
'எட்டாம் மாடி, ஓசி கிடையாது',
'நாயை அடக்கு நோதார்'.
நோதார் நான்தான்.
நாய் செத்து ஒரு வருஷம். எவரும் பெயரை மாற்றவில்லை.
கடைசியில், ஒரே ஒரு கோட்டுச் சிக்னலோடு,
'லாமாரா'.
எங்கள் வீடு.

கடவுச்சொல்?
இத்தாலிக்குப் பஸ் ஏறுகிற வாரத்தில் அவள் வைத்தது.
என் போனிலும் அவளே போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள்.
நான் கேட்கவில்லை.
வீட்டில் இருக்கிற எதையும்
எங்கே என்று கேட்டுப் பழகியவன்
என்ன என்று கேட்டதில்லை.

போன் செய்தேன். பாரி நகரத்தில் மதியம்.
அவள் பார்த்துக்கொள்கிற சின்யோரா ஒர்தென்சியா
தூங்கும் நேரம்.
"சீக்கிரம்," என்றாள் குசுகுசுவென்று,
"பெரிய ஜி."
எவ்வளவு பெரிது?
"கடவுளே. பெரிய எழுத்து, நோதார்."

எங்கள் முப்பத்து மூன்று எழுத்தில்
பெரியவரும் இல்லை, சிறியவரும் இல்லை.
அரசன் பெயரும் அடுப்பின் பெயரும்
ஒரே உயரத்தில்தான் நிற்கும்.
ரிமோட்டின் அம்பை வலது, வலது, கீழே என்று
கட்டம் கட்டமாக நகர்த்தி
பெரியதாக்கும் பொத்தானைக் கண்டுபிடிக்கிறதற்குள்
அந்தப் பக்கம் கிழவி இருமினாள்.

"ஏ. சின்னது. இஸட். ஐ."
ஒவ்வொன்றையும் போட்டதும் அது புள்ளியாகிவிடுகிறது.
எதைப் போட்டேன் என்று எனக்கே தெரியாது.
"மறுபடி ஜி. சின்னது."
இஸட்டில் போய் விழுந்தது. அழித்தேன்.
"ஏ. எம். ஓ..."

புள்ளிகளை வாய்க்குள் கூட்டிப் படித்தேன்.
காஸி. கமோ...
பிறகு அவள் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.
ஆர், டி, ஈ.
காஸி கமோர்த்தே.
கேஸை அணை.

இருபத்தாறு வருஷம்,
சமையலறையிலிருந்து, குளியலறையிலிருந்து,
கோட்டை மாட்டிக்கொண்டே வாசலிலிருந்து,
ஒருமுறை பிரசவ வார்டிலிருந்து.
"நீ மறக்காத ஒன்றாக இருக்கட்டும் என்றுதான்," என்றாள்.
"கடைசியில் ஒன்பது. நம் மாடி."

ஒன்பதைப் போட்ட பிறகுதான்
வாசனை வந்தது.

லோபியோ வைத்திருந்தேன்.
சிவப்புப் பயறு, வெங்காயம், அவள் எழுதிவைத்த அளவு.
சட்டியின் அடி கரியாகி
நீலச் சுடர் அதை நக்கிக்கொண்டிருந்தது.
திருகை மூடிவிட்டுத் திரும்பி வந்தேன்.
போனில் அவள் ஒன்றும் கேட்கவில்லை.
என் காலடியின் வேகமே போதும் அவளுக்கு.
"அடி மட்டுமா?"
அடி மட்டும்தான், என்று பொய் சொன்னேன்.

டிவி இணைந்துவிட்டது.
இணைந்த கையோடு ஏதோ புதுப்பித்தல் என்று
ஒரு வட்டத்தைச் சுற்றவிட்டு
கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி காட்டியது.
அவளுக்குப் படித்துக் காட்டினேன்.
இத்தாலி போனதிலிருந்து அவளுக்கு இதெல்லாம் தெரியும்.

"முடியும்வரை அணைக்காதே என்கிறது,"
சொல்லிவிட்டு, கிழவி எழுந்துவிடாமல்
வாயைப் பொத்திக்கொண்டு
வெகுநேரம் சிரித்தாள்.

மூன்று சதவீதம்.
ஜன்னலைத் திறந்துவிட்டு
ஸ்பூனால் சட்டியைச் சுரண்ட உட்கார்ந்தேன்.
கீழே லிஃப்டுக்குள் யாரோ
கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.